தடம் பார்ப்பவர்கள்

உகாண்டாவின் பிவிண்டி காட்டில் மலைக் கொரில்லாவைப் பார்த்தவர்கள் அதன் கண்களைப் பற்றியே பேசுவார்கள். எனக்குப் பிடித்தது, காலையிலேயே முன்னால் கிளம்பிவிடும் தடம் பார்ப்பவர்களின் வேலை. நேற்று கொரில்லாக் குடும்பத்தை விட்டுவந்த இடத்தில் தொடங்குவார்கள். சற்றுத் தள்ளி, இலைதழைகளை மடித்துப் போட்டு இரவு தூங்கிய படுக்கைகள். சாணத்தின் பருமனும் அதில் ஒட்டிய வெள்ளி முடியும் பெரிய ஆண் படுத்த இடத்தைச் சொல்லிவிடும். பிறகு, நார் உரித்துத் தின்றுபோட்ட தண்டுகள். கடித்த இடம் இன்னும் ஈரமாக இருந்தால் குடும்பம் பக்கத்தில்தான்; புதர் வெட்டி வழி செய்யும் கத்தியின் வீச்சு தணிந்துவிடும்.

நெருங்கியதும் தொண்டையை ஆழமாகச் செருமுவார்கள். கொரில்லாக்கள் நிம்மதியில் எழுப்பும் ஒலி அது. புதருக்குள்ளிருந்து பதில் செருமல் வருவதும் உண்டு. ஒரு குடும்பம் மனிதர்களுக்குப் பழக ஆண்டுக்கணக்கில் ஆகும். அந்த ஆண்டுகளில் கூடவே உட்கார்ந்து, இலைதழை மெல்வதுபோல பாவனையும் செய்வார்கள். நல்ல நடிகர்கள்தான்!