வாழ்க்கைத் திறனுக்கு எத்தனை மார்க்?

'வாழ்க்கைத் திறன்' என்று கேட்டதும் ஒரு பெற்றோர் மனசில் என்ன ஓடும்? பையன் தனியாக பேங்குக்குப் போய் வருவான், பொண்ணு யார் உதவியும் இல்லாமல் ஒரு விண்ணப்பம் நிரப்புவாள், ரெண்டு பேரும் சோறு வடிப்பார்கள், அடிபட்டவனுக்குக் கட்டுப் போடுவார்கள். பள்ளிக்கூடம் அதே சொல்லைச் சொல்லும்போது நினைப்பது இதில் எதையுமே இல்லை. இந்தக் குழப்பத்திலிருந்துதான் பேச்சை ஆரம்பிக்கணும் என்று நினைக்கிறேன்.

பள்ளிகள் பேசும் வாழ்க்கைத் திறன், உலக சுகாதார நிறுவனம் 1990-களில் முன்வைத்த பத்து அம்சப் பட்டியலிலிருந்து வந்தது. தன்னை அறிதல், பிறர் வலியை உணர்தல், ஆராய்ந்து யோசித்தல், புதிதாக யோசித்தல், முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், பேசிப் புரியவைத்தல், பிறரோடு பழகுதல், உணர்ச்சிகளைக் கையாளுதல், மன அழுத்தத்தைக் கையாளுதல். போதைப் பழக்கம், எச்ஐவி மாதிரியான ஆபத்துகளிலிருந்து வளரிளம் பருவத்தினரைக் காக்கிற யோசனை அது. சுகாதாரத் துறை தன் கேள்விக்குத் தேடிய பதில் என்ற அளவில் நல்ல பதில்தான். பிழைப்புக்கான கைத்திறன் வேறு, இது வேறு என்ற தெளிவும் அதில் இருந்தது. நம்ம ஊருக்கு வந்தபோது இரண்டுக்கும் ஒரே பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றோர் ஒன்றை எதிர்பார்க்க, பள்ளி இன்னொன்றை நடத்த, பிள்ளைக்கு இரண்டுமே அரைகுறையாகக் கிடைத்தது.

அரைகுறைக்குக் காரணம் உண்டு. எதைக் கொடுத்தாலும் அதை வரையறை, வகைகள், ஐந்து பயன்கள் என்று மாற்றிவிடுவது நம் பள்ளிமுறையின் பழக்கம். சிபிஎஸ்இ 2009-ல் 'தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு' கொண்டுவந்தபோது வாழ்க்கைத் திறன்களுக்கும் கிரேடு போடச் சொன்னது. பிறர் வலியை உணர்வதில் இந்தப் பிள்ளை ஏ-வா, பி-யா என்று வகுப்பாசிரியர் முடிவு செய்யணும். வகுப்பில் உள்ள அத்தனை பேருக்கும்! இந்தப் பக்கம் நல்ல கிரேடு வாங்கினால் பாடத்தின் கிரேடு ஒரு படி ஏற வாய்ப்பு உண்டு என்ற விதி வேறு. கணக்கில் மேலே ஏற இரக்கம் ஏணியாக இருந்த காலம் அது. 2017-ல் அந்த முறையே கைவிடப்பட்டது. பட்டியல் மட்டும் கையேடுகளில் தங்கிவிட்டது.

இந்தப் பழங்கதை காலாப்பட்டில் உட்கார்ந்து எழுதுகிற எனக்கு எதற்கு? புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இருந்தவை. 2024-25-ல் 10, 12-ஆம் வகுப்பு வரை சிபிஎஸ்இ-க்கு மாறி முடித்தன. இனி இங்குள்ள மீனவர் வீட்டுப் பிள்ளையும் அந்த வாரியத்தின் வாழ்க்கைத் திறனைத்தான் படிக்கப்போகிறது. அப்படியானால் இந்த ஊரில் ஒரு பிள்ளைக்கு உண்மையில் என்ன திறன் தேவைப்படுகிறது என்று பார்க்க வேண்டாமா?

ஊர் அமைப்பையே பாருங்க. காலாப்பட்டு புதுச்சேரிதான். ஆனால் நகரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தால் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டைக் கடந்துதான் வரணும். ஒரே பஸ் பயணத்தில் அரசாங்கம் மாறி மாறி வரும். வழியில் விபத்து நடந்தால் எந்தக் காவல் நிலையம், சான்றிதழ் வாங்க எந்தத் தாலுகா அலுவலகம் என்பதெல்லாம் இங்கே பாலபாடம். பன்னிரண்டாவது முடித்ததும் சென்டாக் விண்ணப்பம், அதற்குக் குடியிருப்புச் சான்று, சாதிச் சான்று. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 10 சதவீத உள் ஒதுக்கீடு 2023-ல் வந்தது. போராடி வாங்கிய அந்த உரிமைகூட, ஒரு பிள்ளை சரியான காகிதத்தைச் சரியான தேதிக்குள் கொடுப்பதில்தான் வந்து நிற்கிறது.

அடுத்தது போன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கான நிவாரணம் வங்கிக் கணக்கில் வரும். வந்துவிட்டதா என்று மெசேஜைப் பார்த்துச் சொல்வது பெரும்பாலும் வீட்டில் படிக்கிற பிள்ளைதான். ஓடிபி சொல்வது, ஆதார் இணைப்பது, கேஸ் பதிவு செய்வது எல்லாம் பதினாலு, பதினைந்து வயசுக்காரர்கள் கையில். பள்ளி அவர்களைக் குழந்தை என்கிறது. வீட்டில் அவர்கள்தான் குமாஸ்தா. குமாஸ்தா ஏமாந்தால் குடும்பத்தின் இரண்டு மாதச் சாப்பாடு போச்சு. பணம் பறிபோனால் உடனே 1930-க்கு அழைக்கணும், நேரம் போகப் போக மீட்பது கஷ்டம். 'உன் அக்கவுண்ட்டைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தர்றேன்' என்பவனிடம் கொடுத்தால், போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவரைத்தான். 'ஆராய்ந்து யோசித்தல்' என்ற தலைப்பை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இது தானாகத் தெரிந்துவிடுமா?

தெரியாது என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 2025-ல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் விலை, மீதிச் சில்லறை எல்லாம் மனசிலேயே சரியாகப் போடுகிறார்கள். அதே அளவு கணக்கைப் பள்ளிப் பாணியில் கொடுத்தால் திணறுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் தாளில் போடுகிறார்கள், சந்தைக் கணக்கில் திணறுகிறார்கள். ஒரு இடத்தில் கற்றது இன்னொரு இடத்துக்குத் தானாக நடந்து போவதில்லை. நிதிக் கல்வி பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்மேயர் (2014) மூவரும் இதே மாதிரி ஒரு இடத்துக்குத்தான் வந்தார்கள்: வகுப்பில் நடத்திய பண விவகாரப் பாடம் பின்னாளில் நடத்தையை மாற்றுவது மிகச் சொற்பம், அந்தச் சொற்பமும் காலப்போக்கில் கரைகிறது. தேவை வரும் நேரத்தில் சொல்லிக்கொடுப்பதே மேல் என்பது அவர்கள் யோசனை.

'பித்தாகரஸ் சொல்லிக்கொடுத்தாங்க, இன்கம்டாக்ஸ் சொல்லிக்கொடுக்கலையே' என்று சுற்றுகிற புலம்பலோடு எனக்கு உடன்பாடு இல்லாததும் இதனால்தான். பதினைந்து வயசில் படித்த வரி விகிதம், சம்பளம் வாங்கும்போது இருக்காது. ஒரு படிவத்தை வரி வரியாகப் படிப்பது, புரியாததைக் கவுன்டரில் கூச்சமில்லாமல் கேட்பது, ரசீது வாங்காமல் நகராமல் இருப்பது, இவை மாறாது. செய்துதான் வரும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பட்டியல் வெளியிலிருந்து வருவதால், வகுப்புக்குள்ளேயே இருக்கும் திறன் பள்ளியின் கண்ணில் படுவதில்லை. 2004 சுனாமியில் அடிபட்ட கடற்கரை இது. வெளியூர் மாணவர்கள் வந்து தங்கிப் படிக்கும் மத்தியப் பல்கலைக்கழகமும் இதே கரையில்தான் இருக்கிறது. நீரோட்டம் கடலுக்குள் இழுத்தால் கரையைப் பார்த்து முட்டி மோதக்கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த இழுப்பைத் தாண்டிய பிறகே திரும்பணும். கடலில் இறங்குகிற யாருக்கும் உயிர் காக்கும் அறிவு இது. எந்த இடத்தில் இறங்கலாம், எந்த நாளில் கூடாது என்று சொல்லக்கூடிய பிள்ளை பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். ரிப்போர்ட் கார்டில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

புதிய பாடம் ஒன்று வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஏற்கெனவே சுமை தாங்காத ஆசிரியர் தலையில் இன்னொரு கையேட்டை வைப்பதில் பயனில்லை. என்சிஇஆர்டி-யின் தொழிற்கல்விப் புத்தகமான 'கௌஷல் போத்' 6-ஆம் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு மூன்று செயல்திட்டம் கேட்கிறது: உயிரினங்களோடு ஒன்று, இயந்திரம், பொருள்களோடு ஒன்று, மனிதருக்கான சேவையில் ஒன்று. இந்த மூன்றையும் சார்ட் பேப்பரில் முடிக்காமல் ஊருக்குள் கொண்டுபோனால் போதும். 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை தன் பேரில் சேமிப்புக் கணக்கைத் தானே நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-லேயே வங்கிகளுக்கு வழிவிட்டாச்சு. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு முறை தானே பணம் போட்டு எடுத்து வரட்டும். பன்னிரண்டாம் வகுப்பில், சென்டாக் தேதிக்கு முன்னால், சான்றிதழ்களை மாணவர்களே விண்ணப்பித்து வாங்கட்டும். தவறாக நிரப்பினால் திருப்பி அனுப்புவார்கள். பள்ளியில் இருக்கும்போதே ஒரு முறை அப்படித் திரும்பி வருவது நல்லதுதான்.

மதிப்பீடா? 'செய்தாச்சு', 'இன்னும் செய்யலை' என்று இரண்டே கட்டம் போதும். இரண்டாவது கட்டத்தில் இருக்கும் பிள்ளையோடு ஒருவர் கூடப் போகணும், அவ்வளவுதான். பதினெட்டு வயசு ஆன மறுநாளே அந்தப் பிள்ளையிடம் கடன் ஆப் கையெழுத்து கேட்கும். அது மார்க் ஷீட்டைப் பார்க்காது.