சட்டசபையும் சித்திரசபையும்

குற்றாலத்திலே சித்திரசபை என்றொரு மண்டபம் உண்டு. ஆடும் பெருமானுக்கு ஐந்து சபைகள் என்பர் புராணிகர். தில்லையிலே பொன், மதுரையிலே வெள்ளி, நெல்லையிலே செம்பு, ஆலங்காட்டிலே இரத்தினம், குற்றாலத்திலோ ஓவியம்! சுவரிலே தீட்டப்பட்ட ஆட்டம். தூக்கிய கால் தூக்கியபடியே நிற்கும். கண்டோர் களிக்கலாம், கேள்வி கேட்டால் பதில் வராது. வண்ணம் குழைத்த கலைஞனின் கைத்திறனை நாமும் போற்றுகிறோம். ஆனால் 2018 அக்டோபர் திங்களிலே, வேறொரு சபையின் ஓவியங்கள் அதே குற்றாலத்துக்கு வந்து விடுதியிலே தங்கின. அந்தக் காட்சியைப் பற்றித்தான் இங்கே பேசப் புகுகிறோம்.

நாடகத்தை விமர்சிக்கப் புகுவோர் முன்கதையைச் சொல்லியாக வேண்டுமல்லவா? ஜெயலலிதா அம்மையார் 2016 டிசம்பர் 5ஆம் நாள் மறைந்தார். இரண்டு திங்கள் சென்றன. 2017 பிப்ரவரி 7ஆம் நாள் இரவு, முதலமைச்சர் பதவியை விட்டு விலகிய ஓ. பன்னீர்செல்வம் கடற்கரைச் சமாதி முன்னே கண்மூடி அமர்ந்தார். நாடே கண்விழித்துப் பார்த்தது. 15ஆம் நாள், சிறை செல்லப் புறப்பட்ட வி.கே. சசிகலா அதே சமாதியிலே ஓங்கி அறைந்து சூளுரைத்தார். இடையிலே, சட்டமன்ற உறுப்பினர்கள் கூவத்தூர் விடுதியிலே அடைகாக்கப்பட்டனர். 18ஆம் நாள் அழைத்து வரப்பட்டனர். 122 கைகள் எடப்பாடி பழனிசாமிக்காக உயர்ந்தன. பின்னாளில் பதவி இழந்த பதினெண்மரின் கைகளும் அந்த 122இல் அடக்கம். இதை வாசகர் மறந்துவிடலாகாது.

அன்று பன்னீர்செல்வமும் அவர் பக்கம் நின்றோரும் 11 பேர் ஆட்சியை எதிர்த்து வாக்களித்தனர். அவர்கள் பதவி போயிற்றா? போகவில்லை! ஆகஸ்டு 21ஆம் நாள் அணிகள் இணைந்தன. எதிர்த்தவர் துணை முதலமைச்சரானார். மறுநாளே டி.டி.வி. தினகரன் பக்கம் நின்ற 19 பேர் ஆளுநரைக் கண்டு, முதலமைச்சர் மீது நம்பிக்கையில்லை என்று கடிதம் கொடுத்தனர். ஒருவர் திரும்பிவிட, மற்றப் பதினெண்மரையும் பேரவைத் தலைவர் ப. தனபால் செப்டம்பர் 18ஆம் நாள் தகுதி நீக்கினார். சபையிலே எதிர்த்து வாக்களித்தோருக்கு நாற்காலி. வெளியிலே கடிதம் கொடுத்தோருக்குக் கல்தா! சட்டம் ஒன்றுதான், 1985இல் கட்சித் தாவலைத் தடுக்க வந்த சட்டம். தீர்ப்பளிப்பவரோ கட்சிச் சீட்டிலே வென்று வந்த பேரவைத் தலைவர். ஆட்டக்காரர்களுள் ஒருவனையே நடுவனாக வைத்தால் ஆட்டம் எப்படி நடக்கும் என்பதைச் சிறுவரும் சொல்வர்.

கணக்கின் நயத்தையும் காண்க. 233 பேர் இருந்தால் பெரும்பான்மைக்கு 117 வேண்டும். பதினெண்மரை நீக்கினால் மீதி 215. அப்போது 108 போதும். ஆதரவைப் பெருக்க இயலாதவன் அவையைச் சுருக்கிக் கொள்ளலாம்! குடவோலை முறை கண்ட தமிழகத்துக்குக் கிடைத்த புதிய குடியரசுப் பாடம் இது.

ஆகவே, பதினெண்மர் பக்கம் வழக்கே இல்லை என்று நாம் கூறவில்லை. உயர்நீதிமன்றத்திலும் 2018 ஜூன் 14ஆம் நாள் இரு நீதிபதிகள் இருவேறு தீர்ப்புத் தந்தனர். மூன்றாம் நீதிபதியின் சொல்லுக்காக நாடு காத்திருந்தது. நமது வினா வேறு. வழக்கு கையிலிருக்க, வாக்காளர் ஊரிலிருக்க, இவர்கள் சென்ற இடங்கள் எவை? புதுச்சேரி விடுதி, பின்னர்க் குடகு மலை விடுதி, கடைசியாக, தீர்ப்பு நெருங்கிய நாட்களில், தென்காசி வழியே குற்றாலச் சாரல்!

திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியிலே சிங்கனைப் படைத்தார். அவன் வயல்தோறும் அலைந்து, வலை விரித்து, பறவை வருமா வராதா என ஏங்குகிறான். பாவம், பழைய காலத்து வேடன்! இன்றைய பறவைகளோ தாமே வண்டியேறி வந்து, அறை எண் கேட்டு, கூட்டுக்குள் அமர்ந்து, கதவையும் தாமே சாத்திக்கொள்கின்றன.

அருவிக்கரையிலே ஏழை எளியவர் வரிசையில் நின்று, தலையைக் கொடுத்து, நடுங்கிச் சிரித்து வெளியேறுகின்றனர். அங்கே தனிச் சலுகை கேட்பவனை மக்கள் முறைப்பர். வெள்ளம் மிகுந்தால் போலீசார் எல்லோரையும் தடுப்பர். சட்டசபையைவிட ஐந்தருவியிலே சமத்துவம் சற்று மிகுதி என்று சொல்லத் தோன்றுகிறது.

ஏன் வந்தீர்கள் என்று கேட்டபோது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்றுதான் நம்மைத் திகைக்க வைத்தது. தாமிரபரணியிலே புஷ்கர நீராடலாம்! 144 ஆண்டுக்கொருமுறை வரும் மகாபுஷ்கரமாம். வியாழன் விருச்சிகம் புகுவதால் ஆற்றுநீர் பாவம் தீர்க்குமாம். வியாழன் என்பது கதிரவனைச் சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டு எடுத்துக்கொள்ளும் ஒரு வாயுக் கோளம். அதற்கு எடப்பாடியாரையும் தெரியாது, தினகரனாரையும் தெரியாது. அரசியல் சட்டத்தின் பத்தாம் அட்டவணையை அது படித்ததுமில்லை. கட்சியின் பெயரிலே அண்ணாவை வைத்துக்கொண்டவர்கள், கட்சிக் கொடியிலே அவர் உருவைப் பொறித்துக்கொண்டவர்கள், நீதிமன்றத் தீர்ப்புக்கு முன்னே ஆற்றுத் துறையிலே மூழ்குவதைக் காரணமாகக் காட்டுகின்றனர். பேரவைத் தலைவர் முன்னே எடுபடாத வாதம் பிரகஸ்பதியின் முன்னே எடுபடும் என்றெண்ணினர் போலும்! அக்டோபர் 25ஆம் நாள் நீதிபதி எம். சத்தியநாராயணன் தீர்ப்பளித்தார்: தகுதி நீக்கம் செல்லும்.

விடுதி அரசியல் நமக்கு மட்டும் உரியதா என்று கேட்கும் தோழர்களுக்கு அமெரிக்காவைக் காட்டுவோம். 1840இல் இலினாய்ச் சட்டமன்றத்திலே, அவை நடத்தப் போதிய எண்ணிக்கை சேரக்கூடாதென்று இளம் ஆபிரகாம் லிங்கன் ஜன்னல் வழியே குதித்தார். அதற்குள் அவரையும் சேர்த்து எண்ணிவிட்டனர், குதித்தும் பயனில்லை! 2003 மே திங்களில், டெக்சாஸ் மாநில ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் எல்லை தாண்டி ஓக்லஹோமாவின் ஆர்ட்மோர் நகர விடுதியில் தங்கினர். 2025 ஆகஸ்டில் அதே கட்சியார் இலினாய்க்குச் சென்றனர். அதுவும் கூத்துத்தான், விளம்பர வெளிச்சத்துக்கும் குறைவில்லை. இருமுறையும் அவர்கள் தோற்றனர். ஆயினும், ஏன் ஓடினர் என்பது அங்கே பாமரனுக்கும் தெரியும்: தொகுதி எல்லைகளைத் தமக்கேற்ப வெட்டிக்கொள்ளும் குடியரசுக் கட்சியின் மசோதாவை நிறுத்த. குற்றாலத்து விடுதிவாசிகள் எந்த மசோதாவை எதிர்த்தனர்? எந்த வரியை, எந்த அடக்குமுறையை? முதலமைச்சரை மாற்று என்ற ஒரே கோரிக்கை. மாற்றி எதைச் செய்வது என்பதற்கு ஒரு வரியுமில்லை.

இழப்பு யாருக்கு? பதினெட்டுத் தொகுதிகளுக்கு! ஆம்பூர், அரூர், தஞ்சை, மானாமதுரை, பரமக்குடி, ஆண்டிப்பட்டி என்று வடக்கிலிருந்து தெற்குவரை பதினெட்டு நாற்காலிகள் வெறுமையாகக் கிடந்தன. 2018 மே திங்களில் தூத்துக்குடியிலே போலீசார் சுட்டு 13 பேர் மாண்டனர். அம்மாவட்டத்தின் ஆறு தொகுதிகளுள் இரண்டுக்கு, விளாத்திகுளத்துக்கும் ஓட்டப்பிடாரத்துக்கும், அன்று சட்டசபையிலே வாய் திறக்க ஆளில்லை. ஆளுங்கட்சி அவையைச் சுருக்கியதன் விலை அது. நீக்கப்பட்டவர்களோ, பதவி போனால் என்ன, ஊர் இருக்கிறது என்று தெருவுக்கு வந்து, 'உங்கள் வாக்கைப் பறித்துவிட்டனர்' என்று முழங்கியிருந்தால், ஆட்சிபீடம் அதிர்ந்திருக்கும். விடுதிச் சன்னலிலிருந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தனர்!

இடைத்தேர்தல் 2019 ஏப்ரல் 18ஆம் நாளும் மே 19ஆம் நாளும் நடந்தது. தினகரனின் கட்சிக்கு ஓரிடமும் கிட்டவில்லை. பதினெண்மருள் அத்தேர்தலில் வென்று அவைக்குத் திரும்பியவர் ஒருவரே; அவரும் தி.மு.க. வேட்பாளராக அரவக்குறிச்சியில் நின்றவர். ஓட்டப்பிடாரத்து வாக்காளர் மீண்டும் விரலில் மை இட்டுக்கொண்டது மே 19இல், அதாவது நாற்காலி வெறுமையாகி இருபது திங்கள் கழித்து.