திருவாபரணமும் சேஷத்வமும்

திருவண்ணாமலைக்குத் தென்கிழக்கே, பெண்ணையாற்றின் தென்கரையில் அமைந்த திருக்கோவலூர், முதலாழ்வார் மூவரும் ஓர் இடைகழியில் கூடிய திவ்யதேசமாகும். அங்குப் பெற்ற காட்சியைப் பேயாழ்வார் பேசத் தொடங்கும் மூன்றாம் திருவந்தாதியின் முதற்பாசுரத்தில் பிராட்டியும் திருமேனியும் அதன் ஒளியும் ஆழியும் சங்கும் உண்டு. திருமுடியோ திருவாரமோ இல்லை.

சாத்துப்படியின் சிறப்பைப் பொன்னின் எடையாலும் கல்லின் விலையாலும் அளக்கும் இக்கால வழக்கு இங்கே நிலைகொள்ளாது. ஆபரணமின்றியே திருமேனி அழகால் நிறைவுற்றது. திருவாய்மொழி மூன்றாம் பத்தின் தொடக்கத்தில், திருமுடியின் ஒளி திருமுகத்தின் ஒளியேயோ என்று நம்மாழ்வார் அழகரை நோக்கி ஐயுறுவதும் இக்கருத்துப் பற்றியே.

அங்ஙனமாயின் ஆபரணம் சாத்துவது எதற்கு எனின், வேதார்த்தஸங்க்ரஹத்தில் எம்பெருமானார் அருளிச்செய்த சேஷலக்ஷணமே விடையாகும். பிறனுக்கு அதிசயம் விளைப்பதையே ஸ்வரூபமாக உடையது சேஷம். இந்த அதிசயம் சேஷியின் குறையை நிரப்புவதன்று. அவன் உகந்து ஏற்பதால் சேஷவஸ்து தன் ஸ்வரூபம் பெறுகிறது. ஸ்ரீவிஷ்ணுபுராணம் முதல் அம்சத்து 22ஆம் அத்யாயம் கௌஸ்துபத்தை ஜீவாத்மதத்துவமாகக் கூறுவதன் பொருத்தமும் இதனால் விளங்கும். திருமார்பில் விளங்கும் மணி, அடியவன் தன்னை எங்ஙனம் எண்ணவேண்டும் என்பதைக் காட்டி நிற்கிறது.

ஆகவே, மேல்கோட்டை வைரமுடிக்கும் சிற்றூர்ச் சந்நிதியில் சாத்தும் ஒரு துளஸிமாலைக்கும் விலையில் வாசியுண்டு, சேஷத்வத்தில் வாசியில்லை. அணிவித்ததால் அழகு பெற்றவன் எம்பெருமான் அல்லன். அணியப்பெற்ற பொருளே பேறு பெற்றது.