அணைந்து அணைந்து எழும்பும் இயந்திரமும் ஒரு வார்ட்டா பற்றரியும்

வார்ட்டா சில்வர் டைனமிக் ஏஜிஎம் பற்றரி மீது எனக்கு உள்ள முதல் முறைப்பாடு, அது நன்றாக வேலை செய்கிறது என்பதுதான். நோர்பரி ஸ்ரேஷனடியில் சிக்னல் சிவப்பாகிறது, பிரேக்கை மிதிக்கிறேன், இயந்திரம் அணைகிறது. பச்சை விழுந்ததும் ஒரு உதறலோடு எழும்புகிறது. நாலு கடை தாண்டவில்லை, முன்னால் பஸ் நிற்கிறது, திரும்பவும் அணைகிறது. ஸ்ட்ரெத்தம் கொமனில் இருந்து தோர்ண்டன் ஹீத் பொண்ட் வரை இந்தக் கூத்து எத்தனை தரம் நடக்கும் என்று லண்டன் றோட்டில் கார் ஓடுகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பழைய பற்றரி இருந்த கடைசிக் குளிர்காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. டாஷ்போர்டில் ‘ஏ’ எழுத்தின் மேல் ஒரு கோடு விழுந்து, இயந்திரத்தை இப்படி அணைத்து எழுப்பும் ஸ்ரார்ட்-ஸ்ரொப் தானாகவே ஒதுங்கிவிட்டது. நிறையப் பேர் இதை ஒரு வரமாக எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் அது பற்றரி கொடுக்கும் ராஜினாமாக் கடிதம். பற்றரியில் பலம் குறைந்ததைக் கண்ட கார், அடுத்த தடவை இயந்திரத்தை எழுப்ப முடியுமோ என்று சந்தேகப்பட்டு, அணைப்பதையே நிறுத்திவிடுகிறது. குளிர் இல்லாத நாளிலும் கோடு கிழமைக்கணக்கில் அழியாமல் நின்றால் பற்றரியைச் சோதிக்க வேண்டிய நேரம்.

புதியது 70 ஆம்பியர் மணி, 760 குளிர் ஆம்பியர், 278 மில்லிமீற்றர் நீளம், கடைக்காரர் பாஷையில் ‘096’ அளவு. காரின் பெயர் வேண்டாமே. ஒரு ஜெர்மன் ஹேட்ச்பேக், எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு நிற்கிற சாதி. பற்றரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, பாரம் ஏறத்தாழ 20 கிலோ, தூக்கும்போது முதுகு கவனம். யுவாசாவின் ஒய்பிஎக்ஸ்9096 பெட்டியிலும் இதே 70, இதே 760 தான். பொஷ் பெயரில் வரும் பற்றரிகளையும் வார்ட்டாவைச் செய்யும் நிறுவனமே நெடுங்காலம் செய்து கொடுத்து வந்தது. அதனால் இந்த மூன்றுக்கும் இடையில் சண்டை பிடிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. எது மலிவாகக் கிடைக்கிறதோ, எதில் உற்பத்தித் திகதி கிட்டடியாக இருக்கிறதோ அதை எடுங்கள். கடைத் தட்டில் ஒரு வருடம் தூங்கிய பற்றரியை மட்டும் எடுக்காதீர்கள்.

சண்டை வேறு இடத்தில். பற்றரி மாற்ற ஒரு கராஜுக்குப் போனேன், பெயர் தேவையில்லை. தம்பி நம்மடை ஆள்தான். பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணை, ஸ்ரார்ட்-ஸ்ரொப்பை எப்பிடியும் ஓஃப் பண்ணிப்போட்டுத்தானே ஓடுறீங்கள்? பிறகேன் ஏஜிஎம்? சாதாரண பற்றரியே காணும். அறுபது பவுண் மிச்சம்.”

கேட்க நல்ல நியாயம். நானும் மறக்காத நாட்களில் காரில் ஏறியதும் முதல் வேலையாக அந்த ‘ஏ’ பட்டனை அமத்துகிற ஆள்தான். அது நேற்று அமத்தியதை இன்றைக்கு நினைவில் வைத்திருக்காது. காருக்குக் கிடைத்த புகை அங்கீகாரமே ஸ்ரார்ட்-ஸ்ரொப் வேலை செய்கிற நிலையில் அளந்து கொடுத்தது. ஆகவே ஒவ்வொரு தடவை கார் எழும்பும்போதும் அதுவும் கூடவே எழும்பும். வேண்டாம் என்று அணைக்கப்போகும் ஒரு வசதிக்காக ஏன் கிட்டத்தட்ட இரட்டிப்பு விலை கொடுக்க வேண்டும்?

தம்பியின் கணக்கில் விடுபட்டது அல்ரனேற்றர். பழைய கார்களில் இயந்திரம் ஓடும்வரை அல்ரனேற்றர் 14 வோல்ற்று அளவில் விடாமல் சார்ஜ் பண்ணும். பற்றரி எப்போதும் நிறைந்தே இருக்கும். ஸ்ரார்ட்-ஸ்ரொப் உள்ள கார்கள் பலவற்றில் அது கணக்குப் பார்த்து வேலை செய்கிறது. வேகம் எடுக்கும்போது எரிபொருளை மிச்சம் பிடிக்கச் சார்ஜைக் குறைக்கிறது. பெடலை விட்டு வேகம் குறையும்போது சும்மா போகிற சக்தியை அள்ளிப் பற்றரிக்குள் போடுகிறது. அப்படி அள்ளிப் போட இடம் வேண்டுமே, அதற்காகப் பற்றரியை வேண்டுமென்றே முழுதாக நிரப்பாமல் 80 வீதம் அளவில் வைத்திருக்கிறது. ‘ஏ’ பட்டன் இயந்திரம் அணைவதைத்தான் தடுக்கும். இந்தச் சார்ஜ் கணக்கில் அது கை வைக்காது.

அரைகுறை வயிற்றோடு கிடப்பதுதான் சாதாரண ஈயப் பற்றரிக்கு ஆகாதது. தட்டுகளில் ஈய சல்பேற் கெட்டியாகப் படியும். அமிலத்தின் கனமான பகுதி கீழே இறங்கிவிடும். ஏஜிஎம்மில் அமிலம் தளும்பாது. தட்டுகளுக்கு நடுவே இறுக்கி வைத்த கண்ணாடி நார்ப் பாய் அதை உறிஞ்சி வைத்திருக்கிறது. திரும்பத் திரும்ப இறங்கி ஏறுவதைச் சாதாரண பற்றரியைவிட மூன்று மடங்கு தாங்கும் என்பது தயாரிப்பாளர்களின் கணக்கு. சாதாரணத்துக்கும் ஏஜிஎம்முக்கும் நடுவில் நிற்கும் ஈஎஃப்பி வகை இரண்டு மடங்கு. அறுபது பவுண் மிச்சம் பிடித்தால் இரண்டொரு குளிர்காலத்துக்குள் அதே அறுபதோடு இன்னொரு எண்பதையும் சேர்த்துக் கொண்டுவந்து கொடுப்பீர்கள்.

நோர்பரி ஓட்டம் இந்த அரைகுறை வயிற்றை இன்னும் மோசமாக்கும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்குவது, ஸ்ரேஷன், வெள்ளிக்கிழமை ரூட்டிங் அம்மன் கோயில். எல்லாம் இரண்டு மூன்று மைல், வழி முழுக்க ஹீற்றர், பின் கண்ணாடிச் சூடு, வைப்பர். எடுத்ததைத் திருப்பிப் போட முன்னரே வீடு வந்துவிடும். வீட்டில் சார்ஜர் போடுவோம் என்றால் எங்கே? கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த வரிசை வீடுகள். பலவற்றுக்குக் கராஜ் கிடையாது. கார் தெருவில், பிளக் முன்னறையில், இரண்டுக்கும் நடுவில் நடைபாதை. (எங்கேயாவது சார்ஜர் போட வாய்த்தால் கறுப்புக் கிளிப்பைப் பற்றரியின் எதிர்முனையில் மாட்டாதீர்கள். அங்கே ஒரு சென்சர் இருக்கிறது. காரின் உலோக உடம்பில் மாட்டினால்தான் ஏறிய சார்ஜ் அதன் கணக்கில் வரும்.)

2023 ஓகஸ்ட் 29 அன்று, புகை கூடிய வாகனங்களுக்குக் கட்டணம் அறவிடும் யூலெஸ் வலயம் லண்டன் முழுவதற்கும் விரிந்தபோது நம்மவர்கள் எத்தனையோ பேர் பழைய டீசல் கார்களைத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்றுக்கு மாறினார்கள். கட்டணம் இல்லாமல் ஓட டீசல் என்றால் யூரோ 6 வேண்டும். அந்த வயதுக் கார்களில் ஸ்ரார்ட்-ஸ்ரொப் இல்லாததைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் பற்றரி வாங்கும் பழக்கம் மட்டும் பழைய காரோடேயே நின்றுவிட்டது: “அறுபது எழுபதுக்கு ஒண்டு போட்டால் சரி.”

இணையக் கடைகளில் நம்பர் பிளேட்டைத் தட்டினால் பற்றரி காட்டும் வசதி என்னை எரிச்சலூட்டும் இன்னொன்று. ஒரே காருக்கு மூன்று நாலு அளவு காட்டும். அதில் 096 இருக்கும், 100 இருக்கும். நீளம் அகலம் ஒன்றுதான், உயரத்தில் 15 மில்லிமீற்றர் வித்தியாசம். மேலே இறுக்கும் பட்டி உள்ள காரில் அது போதும் பற்றரி ஆட. நம்பர் பிளேட்டை நம்ப முதல் பொனற்றைத் திறந்து பழைய பற்றரியின் ஸ்ரிக்கரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏஜிஎம் இருந்த இடத்தில் ஏஜிஎம். ஈஎஃப்பி இருந்த இடத்தில் ஈஎஃப்பி அல்லது ஏஜிஎம். கீழே இறங்கக் கூடாது.

குளிரில் இயந்திரத்தைச் சுழற்றும் பலத்தைச் சொல்லும் குளிர் ஆம்பியர் எண்ணைக் கண்டு மயங்கவும் வேண்டாம். ஐரோப்பிய ‘ஈஎன்’ முறையில் அது -18 பாகையில் அளப்பது. நோர்பரியில் அந்தக் குளிரைக் கண்டவர் யார்? கார் கேட்கும் அளவு இருந்தால் போதும். உண்மையில் பற்றரியை அரிப்பது கோடை வெக்கை. குளிர் சேதியை வெளியே சொல்லுகிறது, அவ்வளவுதான். பிறியஸில் பிசிஓ வாடகைக் கார் ஓடுகிற அண்ணைமாருக்கு இந்த எண் சுத்தமாகவே தேவையில்லை. அதில் இயந்திரத்தைச் சுழற்றுவது பெரிய ஹைபிரிட் பற்றரி. சின்ன 12 வோல்ற்று கணினிகளை எழுப்பத்தான். பழைய பிறியஸ்களில் அது டிக்கிக்குள் இருப்பதால், வாயு வெளியேறும் குழாய் பொருந்துகிற வகையா என்று மட்டும் பாருங்கள்.

புதுப் பற்றரி போட்டதை இப்படிப்பட்ட கார்கள் பலவற்றுக்கும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கணினி கிழட்டுப் பற்றரிக்குக் கொடுத்த மருந்தையே புதியதுக்கும் கொடுத்துக்கொண்டிருக்கும். ஸ்கானர் உள்ள கராஜில் சில நிமிட வேலை; விலை பேசும்போதே “கோடிங் சேர்த்தா?” என்று கேளுங்கள்.

இத்தனை கிழமை ஓட்டத்துக்குப் பிறகு என் தீர்ப்பு: எரிச்சல் தரும் அளவுக்கு நல்ல பற்றரி. இரவு முழுக்க நின்ற காரில் காலையில் 12.7 வோல்ற்றுக்குக் கீழே நான் இன்னும் காணவில்லை. அடுத்த முறையும் 096 ஏஜிஎம் தான். உங்கள் மீற்றரில் 12.4க்குக் கீழே காட்டினால் டிசம்பர் வரை பார்த்திருக்க வேண்டாம். பற்றரி விற்கும் கடைகள் பல இலவசமாகவே சோதித்துத் தருகின்றன, ஒக்டோபரிலேயே கொண்டுபோய்க் காட்டுங்கள்.