கட்டற்ற மென்பொருள் கையேடுகளில் காலக்குறிப்பும் திருத்தவழியும்: ‘எளிய தமிழில்’ வரிசையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்: தன்னார்வலர் எழுதும் மென்பொருள் கையேடுகளைத் திருத்தும் உரிமையைக் கட்டற்ற உரிமம் வாசகருக்கு வழங்குகிறது. ஆயினும் அத்திருத்தம் நூலுக்குள் வந்துசேரும் வழியை உரிமம் அமைத்துத் தருவதில்லை. தமிழ்க் கையேடுகளின் அடிப்படைச் சிக்கல் இதுவே என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: கட்டற்ற மென்பொருள், கணியம், கையேடு, பதிப்பு, பாடவேறுபாடு

2012 ஜனவரியில் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ், கட்டற்ற மென்பொருள் பற்றிய தமிழ் எழுத்துக்கு நிலையான களம் அமைத்தது. து. நித்யாவின் ‘எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்’ முதலான நூல்கள் கணியத்தின் வழியே வாசகரை அடைந்தன. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தமையால் அவற்றை எவரும் படியெடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பகிரலாம். கலைச்சொல்லாக்கத்திலேயே தேங்கி நின்ற கணினித்தமிழ் விவாதங்களுக்கு நடுவே, கட்டளையை உள்ளவாறே வைத்து அதன் செயற்பாட்டை மட்டும் தமிழில் விளக்கும் நடை ஒரு முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

இவ்வகைக் கையேட்டின் வாசகர் யார் என்னும் வினாவே திறனாய்வின் தொடக்கமாக அமைய வேண்டும். சிவகாசிப் பட்டாசு வட்டாரத்தின் எம். புதுப்பட்டி போன்றதோர் ஊரிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் முதல் தலைமுறை மாணவரை எண்ணிப் பார்க்கலாம். வீட்டிலும் தெருவிலும் கேட்டுத் தெளிய ஆளில்லாத நிலையில், அவருக்குக் கையேடே ஆசிரியர். எழுதப்பட்ட செய்முறைக்குக் காலம் உண்டு என்பதை அவ்வட்டாரத்தாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடைசெய்தது. அதற்கு முந்தைய கலவைக் குறிப்பு எத்துணைத் துல்லியமாயினும் அன்றோடு வழக்கிழந்தது. மென்பொருள் கையேட்டுக்கும் இது பொருந்தும். வேறுபாடு ஒன்றே: தீர்ப்பு ஊரறிய வந்தது, மென்பொருளின் மாற்றமோ வாசகர் அறியாமல் வருகிறது.

பிஎச்பி மொழியில் தரவுத்தளத்தோடு இணைவதற்குப் பயன்பட்ட பழைய மைஎஸ்கியூஎல் செயற்கூறுகள் 2015 டிசம்பரில் வெளியான 7.0 பதிப்பில் முற்றாக நீக்கப்பட்டன. பயனரை உருவாக்கிக் கடவுச்சொல்லும் அனுமதியும் ஒரே கட்டளையில் வழங்கும் முறையை, 2018 ஏப்ரலில் வந்த மைஎஸ்கியூஎல் 8.0 ஏற்பதில்லை. இவற்றுக்கு முன் எழுதப்பட்ட கையேடு, எம்மொழியினதாயினும், அக்கட்டளைகளைக் கற்பித்திருந்தால் இன்று பிழைச்செய்தியையே தரும். எழுதிய காலத்தில் அது பிழையன்று. ஆனால் எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்னும் குறிப்பு முகப்பில் இல்லையெனில், புதிதாய்க் கற்பவர் தம் அறிவையே ஐயுறுகிறார். கணினி தமக்கு வராது என்று விலகுபவர் முறையீடு எதையும் விட்டுச்செல்வதில்லை. ஆதலால் இவ்விழப்பு கணக்கில் வருவதே இல்லை.

நன்னூற் பாயிரம் வகுத்த நூற்குற்றங்கள் பத்தில் ‘குன்றக்கூறல்’ உண்டு. காலங்கடந்த கூற்றுக்குத் தனிப்பெயர் இல்லை. எனினும் தமிழ்ப் பதிப்புமரபு இதற்கு ஈடானதொன்றை வேறு வழியில் கண்டது. உ.வே. சாமிநாதையரின் பதிப்புகளில் பாடவேறுபாடுகள் அடிக்குறிப்பாக நிற்கின்றன. எந்தச் சுவடியில் எந்தப் பாடம் என்பதை வாசகர் அறிய முடிகிறது. சிவகாசி அச்சகங்களிலும் மெய்ப்புத்தாள் போய்த் திரும்பிய பின்னரே படி அச்சேறும். மின்னூலின் நிலை விந்தையானது. திருத்துவது எளிது, ஆயினும் ஒருமுறை பதிவிறக்கிக் கைப்பேசிகள் வழியே பரவிய பிடிஎஃப் கோப்பைத் திருத்தம் சென்றடைவதில்லை. பழைய படியும் புதிய படியும் ஒரே பெயரில் உலவுகின்றன.

உரிமம் தரும் சுதந்திரத்தை ‘யாரும் திருத்தலாம்’ என்று புகழ்வோர், யாரிடம், எந்த வடிவில், எம்மொழியில் திருத்தம் சேரவேண்டும் என்பதை விளக்குவது அரிது. மூலக்கோப்புகளைப் பொதுக் களஞ்சியத்தில் வைத்து, ஒவ்வொரு இயலிலும் சோதித்த பதிப்பையும் நாளையும் குறித்து, தமிழிலேயே பிழையறிவிக்க வழிசெய்தல் பெருஞ்செலவு பிடிப்பதன்று. திருத்தியவர் பெயரும் நூலில் இடம்பெற வேண்டும். பெயர் குறிக்கப்படாத உழைப்பு நீடிக்கும் என எதிர்பார்ப்பது நியாயமாகாது.

இன்னொரு குறை மொழிபெயர்ப்பு மனநிலையிலிருந்து வருகிறது. ஆங்கிலக் கையேடு சொன்னதைத் தமிழில் சொல்வதோடு பணி முடிந்தது எனக் கருதுவோர், தமிழுக்கே உரிய சிக்கலைக் காண்பதில்லை. யூடிஎஃப்8 குறியாக்கத்தில் வழக்கமான தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்ளும். மைஎஸ்கியூஎல்லின் பழைய ‘யூடிஎஃப்8’ அமைப்பும் 3 பைட்டு வரையே ஏற்கும் என்பதால் தமிழ் உரைக்கு அது போதுமெனத் தோன்றும். ஆனால் 2019 மார்ச்சில் ஒருங்குறி 12.0 சேர்த்த தமிழ்க் குறியீடுகள் 51. முந்திரி, மாகாணி முதலிய பின்னக் குறிகளும் இவற்றுள் அடங்கும்; ஒவ்வொன்றும் 4 பைட்டு கொள்ளும். பழைய நிலக்கணக்கைத் தரவுத்தளமாக்கும் ஆய்வாளர் ‘யூடிஎஃப்8எம்பி4’ அமைப்பைத் தேர்ந்திராவிடில் அக்குறிகள் பதிவாகா. 8.0 பதிப்பு அதனையே இயல்பமைப்பாக்கியது. பழைய பதிப்பில் உருவான அட்டவணைகள் தாமாக மாறுவதில்லை. பின்னக் குறிகளைப் புழங்குபவர் கல்வெட்டையும் சுவடியையும் கற்றவர். இக்குறிப்பைத் தமிழ்க் கையேட்டில் சேர்ப்பதற்குரிய அறிவு, நிரலாளரைவிடத் தமிழ்த்துறைகளிடமே மிகுதியாக உள்ளது.