தெர்மோகோல் ஈபிள் கோபுரமும் அப்பத்தாவின் மங்குத் தட்டும்

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு, காரைக்குடி வீட்டில் உட்கார்ந்து தெர்மோகோலில் ஈபிள் கோபுரம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஆறாவது படிக்கும் மகளின் பள்ளியில் மறுநாள் உலக நாடுகள் கண்காட்சி. பிள்ளைக்கு ஒரு நாடு. கொடி, தொப்பி, ஒரு பலகாரம், ஒரு மாடல். மகள் எப்போதோ தூங்கிவிட்டாள்.

மறுநாள் பரிசு வாங்கினோம். சாயங்காலம் சும்மா கேட்டேன்: "பிரான்ஸுக்கு இங்கேர்ந்து எந்தப் பக்கம் போகணும்?"

"ஏர்போர்ட் பக்கம்" என்றாள்.

சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தபோது சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னதில் தப்பே இல்லை. நாங்கள் செய்த எந்த வேலையிலும் திசை, தூரம் என்று ஒன்றும் வரவில்லையே.

'செய்து கற்றல்' என்ற யோசனைக்கு நான் எதிரி இல்லை. தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. பிள்ளை தன் வேகத்தில், அட்டை அட்டையாக, தானே செய்து முன்னேறுவது என்பது பெரிய மாற்றம். ஆனால் அந்தச் சொல் பரவப் பரவ, கை அசைந்தால் போதும், பாடம் ஏறிவிட்டது என்ற நினைப்பும் கூடவே பரவிவிட்டது. உலகப் புவியியலில் இது ரொம்ப மோசம்.

நான் மென்பொருள் ஆள், கல்வியியல் படித்தவன் இல்லை. எங்கள் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு: தோற்கவே முடியாத சோதனை, சோதனையே இல்லை. கொடிக்கு வண்ணம் அடிப்பதில் பிள்ளை தோற்க முடியாது. செய்து முடித்ததும் அவளுக்குப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. இதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொண்டு, செலவில்லாத மூன்று வேலைகளை வீட்டில் செய்து பார்த்தோம்.

முதலாவது, நூல். 1939இல் இந்தியா வந்த மரியா மாண்டிசோரி அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய முறையில் பிள்ளை முதலில் தொடுவது உருண்டையை. நிலம் சொரசொரப்பாக, கடல் வழவழப்பாக இருக்கும். தட்டை வரைபடம் அதற்கப்புறம்தான். இந்த வரிசை முக்கியம். நாம் தட்டைப் படத்தில் ஆரம்பித்து அதிலேயே முடித்துவிடுகிறோம். குளோப் பீரோ மேல் தூசி படிந்து கிடக்கிறது. மகளிடம் கேட்டேன்: "சென்னையிலேர்ந்து சான்பிரான்சிஸ்கோவுக்குக் குறுக்குவழி எது?" தட்டைப் படத்தில் ஸ்கேல் வைத்து, பசிபிக் கடலை நேராகக் கடந்து கோடு போட்டாள். குளோப்பில் நூலை இழுத்துப் பிடித்தால், அது வடக்கே ஏறி, சைபீரியாவின் வடகிழக்கு மூலையையும் அலாஸ்காவையும் தொட்டுப் போகிறது! "நூலு தப்பா இருக்கு" என்று மூன்று தரம் இழுத்துப் பார்த்தாள். பாடம் நடந்தது அந்த மூன்று தரத்தில்தான்.

இரண்டாவது, நிழல். காரைக்குடி ஏறத்தாழ 10 டிகிரி வடக்கு. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் உச்சிவெயிலில் இங்கே நேராக நட்ட கம்புக்கு நிழலே விழாது. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்கை வைத்துக் கணக்கிடுவதால், நம்மூர் உச்சி கடிகாரத்தில் சுமார் 12:15க்கு. அதே நாள் சென்னையில் ஒரு மீட்டர் கம்பின் உச்சி நிழலை அளந்தால், இரண்டு ஊருக்குமான வடக்கு-தெற்கு தூரம் சுமார் 334 கி.மீ. என்பதை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்குப் போடலாம். எரட்டோஸ்தனிஸ் எகிப்தில் செய்த அதே கணக்கு. சென்னை அத்தை மொட்டைமாடியில் அளந்து 6 செ.மீ. என்று போனில் சொன்னார். கணக்கில் வந்தது சுமார் 35,000 கி.மீ.; உண்மையில் 40,000. விசாரித்தால், அத்தை வீட்டுக் கம்பு லேசாகச் சாய்ந்திருந்தது. 5 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே வந்திருக்க வேண்டும். ஒரு செ.மீ. கூடக் குறையப் பிழைக்கு 5,000 கி.மீ. பூமி காணாமல் போனதை மகள் இன்னும் மறக்கவில்லை.

மூன்றாவது, தட்டு. 'பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி' என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதுவும் கொடிக்கு வண்ணம் அடிக்கிற மாதிரிதான். அதனால் வீட்டில் உள்ளதைக் கவிழ்த்துப் பார்க்கச் சொன்னேன். அப்பத்தாவின் மங்குத் தட்டு ஒன்றின் அடியில் 'மேட் இன் ஸ்வீடன்' முத்திரை. "அப்பத்தா, யாராச்சும் ஸ்வீடன் போனாகளா?"

"ஸ்வீடனாவது! ஒங்க பாட்டையா கொண்டுவிக்கப் போனப்ப ரங்கூன்ல வாங்கியாந்தாக."

ஆக, நூல் நேராக வரவில்லை. ரங்கூன் போய் வளைந்து வந்திருக்கிறது. ஏன் ரங்கூன்? அங்கே எப்படி வந்தது? 1869இல் சூயஸ் கால்வாய் திறக்காவிட்டால் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றணுமே, எவ்வளவு கூடும்? எல்லாமே நூலால் அளக்கக்கூடிய கேள்விகள்.

நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, போர்ஷனையும் முடிக்க வேண்டிய ஆசிரியருக்கு இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் கண்காட்சிக்குப் போன ஒரு வாரத்தில் பாதி போதும். செலவு ஒரு நூல்கண்டு. குறைவது ஒன்று உண்டு: போட்டோ. நிழலை அளக்கும் பிள்ளையைப் படம் எடுத்தால் வாட்ஸாப் குரூப்பில் எடுபடாது. கண்காட்சிகள் பெற்றோருக்காக நடக்கின்றன. அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் நாமும்தான். ராத்திரி பத்து மணிக்குக் கத்தியோடு உட்கார்ந்திருந்தவன் நானே.

போன வாரம் மகளிடம் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டேன். எழுந்து போய்க் குளோப்பையும் நூலையும் எடுத்து வந்தாள்.