பழைய டிவி என்ன பாவம் செய்தது?

நம் வீடுகளில் எந்தப் பொருளும் அவ்வளவு சுலபத்தில் காயலான் கடைக்குப் போகாது. ஓடாத கடிகாரம்கூட சுவரில் மாட்டியிருக்கும். அப்படியிருக்க, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த டிவியைப் பார்த்து, "இனிமே நீ மட்டும் இருந்தா போதாது, பக்கத்துல இன்னொரு பெட்டியும் வேணும்" என்று ஒருநாள் சொன்னார்கள். அந்தப் பெட்டிக்குப் பெயர் செட் டாப் பாக்ஸ்.

குண்டாக, பின்னால் முதுகு துருத்திக்கொண்டு நிற்கும் பிக்சர் டியூப் டிவியைத்தான் சொல்கிறேன். அதிலும் முக்கியமாக அந்த 14 இஞ்ச் கலர் டிவி. 2006 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி கொடுத்து, ஒன்றரைக் கோடிக்கும் மேல் விநியோகித்த டிவி. இலவசம் கொடுப்பது சரியா தப்பா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2013-ல் தீர்ப்பும் வந்தாயிற்று. அந்த விவாதத்துக்குள் இப்போது போக வேண்டாம். என் கேள்வி வேறு. ஒரு கையால் டிவி வந்தது. இன்னொரு கையால் டிஜிட்டல் சட்டம் வந்தது. நடுவில் அந்த டிவி என்ன ஆனது?

2011 டிசம்பரில் நாடாளுமன்றம் கேபிள் டிவி சட்டத்தைத் திருத்தியது. முதலில் நான்கு பெருநகரங்கள், அப்புறம் கோவை மாதிரி 38 நகரங்கள், கடைசியில் கிராமங்கள் என்று நான்கு கட்டமாக அனலாக் கேபிளை நிறுத்த வேண்டும் என்றார்கள். கெடு தள்ளித் தள்ளிப் போய், கடைசிக் கட்டம் 2017 மார்ச்சில் வந்து நின்றது. மொட்டைமாடி ஆன்டெனா கதையும் முடிந்தது. தூர்தர்ஷன் தன் அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை, எல்லை போன்ற முக்கியமான இடங்களில் சிலவற்றைத் தவிர, 2022-க்குள் மூடிவிட்டது.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதனால் பழைய டிவி செத்துப்போய்விடவில்லை. அதற்கு டிஜிட்டல் பாஷை புரியாது, அவ்வளவுதான். செட் டாப் பாக்ஸ் ஒரு மொழிபெயர்ப்பாளர். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று வயர்களை டிவியின் ஏ.வி. துளைகளில் சொருகினால் வேலை முடிந்தது. மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் சத்தத்துக்கு. அந்தத் துளைகளே இல்லாத ரொம்பப் பழைய டிவி என்றாலும் ஆர்.எஃப். மாடுலேட்டர் என்று ஒரு சின்ன டப்பா உண்டு. அதை மாட்டி ஆன்டெனா துளை வழியாகவே படம் கொண்டுவரலாம். ஆக, "டிஜிட்டல் வந்துடுச்சு, புது டிவி வாங்கியே ஆகணும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாங்கும் பெட்டியில் ஹெச்.டி.எம்.ஐ. மட்டுமில்லாமல் ஏ.வி. துளையும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

படம் தெளிவு, சத்தம் சுத்தம், சேனல்கள் ஏராளம். எல்லாம் உண்மை. ஆனால் மொழிபெயர்ப்பில் கொஞ்சம் நஷ்டமும் இருக்கிறது.

பழைய திரை 4:3 அளவு. இன்றைய நிகழ்ச்சிகளோ 16:9 அகலம். அகலப் படத்தை முழுசாகக் காட்டினால் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை. கணக்குப் போட்டால் திரையில் கால் பங்கு வீண். 14 இஞ்ச் டிவியில் கால் பங்கு போனால் மிச்சம் என்ன? பட்டை வேண்டாம் என்றால் இரண்டு ஓரமும் வெட்டுப்படும். கீழே ஓடும் செய்தி வரியில் தலையும் வாலும் காணாமல் போகும்.

மழைக்காலத்தில் அனலாக் படம் புள்ளி புள்ளியாக வரும். ஆனாலும் வரும். கதை புரியும். டிஜிட்டலில் பாதிப் படம் என்ற பேச்சே இல்லை. வந்தால் பளிங்கு, இல்லையென்றால் சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே உறைந்து நிற்கும்.

முன்பு கேபிள் வயரில் ஒரு ஸ்ப்ளிட்டர் போட்டால் ஹாலில் கிரிக்கெட், உள்ளறையில் சீரியல். இப்போது ஒவ்வொரு டிவிக்கும் ஒரு பெட்டி, ஒரு ரீசார்ஜ்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை இரண்டு ரிமோட். டிவியை ஆன் செய்ய ஒன்று, சேனல் மாற்ற இன்னொன்று. தெரியாமல் டிவி ரிமோட்டில் ஒரு பட்டனை அமுக்கி ஏ.வி.யை விட்டு வெளியே வந்துவிட்டால் திரை முழுக்க ஈசல் பறக்கும். "டிவி ரிப்பேராயிடுச்சுப்பா" என்று பேரன் வரும்வரை காத்திருக்கும் பாட்டிகள் எத்தனை பேர்!

சரி, இத்தனை சிரமத்துக்கும் லாபம் யாருக்கு? காமர்ஸ் படித்தவன் புத்தி வரவு-செலவில்தான் போய் நிற்கும். அனலாக் காலத்தில் ஒரு தெருவில் எத்தனை இணைப்பு என்பது கேபிள்காரருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். அவர் குறைத்துச் சொன்னால் சேனல்களுக்குக் கட்டணம் குறையும், அரசுக்கு வரி குறையும். பெட்டி வந்ததும் ஒவ்வொரு வீடும் எண்ணப்பட்டுவிட்டது. அதாவது பெட்டியின் முதல் வேலை படம் காட்டுவதல்ல, தலை எண்ணுவது. அது தப்பில்லை, திருட்டுக் கணக்கு ஒழிவது நல்லதே. ஆனால் எண்ணுகிற மெஷினுக்கு எண்ணப்படுகிறவனே காசு கொடுக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

அமெரிக்கா 2009 ஜூன் 12-ல் அனலாக்கை நிறுத்தியது. அதற்கு முன்பே, கேட்ட வீடுகளுக்கு பெட்டி வாங்க தலா 40 டாலர் மதிப்பில் இரண்டு கூப்பன்கள் கொடுத்தது. காலியான அலைவரிசையை 2008-ல் ஏலம் விட்டதில் அரசுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 1,900 கோடி டாலர். லாபம் பார்த்தவர் செலவில் பங்கு ஏற்றார். பிரிட்டன் இன்னும் ஒரு படி மேலே. 75 வயதைத் தாண்டியவர்களுக்கும் கடுமையான உடல் குறைபாடு உள்ளவர்களுக்கும் தனி உதவித் திட்டமே வைத்து, வீட்டுக்கே ஆள் அனுப்பி மாட்டிக்கொடுத்தது.

நம் ஊரில்? சென்னைதான் சோதனை எலி. 2003 செப்டம்பரில் கட்டணச் சேனலுக்குப் பெட்டி கட்டாயம் என்ற முறை, மற்ற பெருநகரங்கள் தப்பித்துக்கொள்ள, சென்னையில் மட்டும் அமலானது. பிறகு 2017-ல் அரசு கேபிள் டிவி நிறுவனம் இலவசமாகப் பெட்டி கொடுக்க ஆரம்பித்தது. பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் இணைப்பை விட்டால் பெட்டியையும் திருப்பித் தர வேண்டும். மாதக் கட்டணமோ தனி. 2019-ல் டிராயின் புதிய முறை வந்தபோது அடிப்படைக் கட்டணமே வரியோடு 153 ரூபாய் 40 காசு வரை போகலாம் என்றார்கள். கட்டணச் சேனல்கள் அதற்கு மேல்.

உண்மையான அநியாயம் இன்னொன்று இருக்கிறது. ஒரு கம்பெனியின் பெட்டி இன்னொரு கம்பெனிக்கு ஒத்துவராது. செல்போனில் சிம்மை மாற்றுகிற மாதிரி மாற்ற முடியாது. எல்லாப் பெட்டியும் எல்லோருக்கும் ஒத்துவர வேண்டும் என்று டிராய் பரிந்துரைத்தது 2020-ல். நாட்டையே பெட்டி வாங்க வைத்த பிறகு! கல்யாணம் முடிந்து, பந்தியும் முடிந்து, ஜாதகம் பார்த்த கதை. இதைச் சட்டம் போட்ட 2011-லேயே செய்திருந்தால் கம்பெனி மாறும்போதெல்லாம் ஒரு பெட்டி குப்பைக்குப் போயிருக்காது.

குப்பை என்றதும் ஒன்று. பிக்சர் டியூப் கண்ணாடியில் காரீயம் இருக்கிறது. தெருவோரம் போட்டு உடைத்தால் அது மண்ணுக்குப் போகும். ஓடுகிற வரை ஓடவிடுவது சிக்கனம் மட்டுமல்ல, ஊருக்குச் செய்கிற உபகாரமும்கூட. ஓடாமல் போனால் மின்னணுக் கழிவு வாங்குகிறவர்களிடம் முழுசாகக் கொடுத்துவிடுங்கள்.

டிஜிட்டல் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த முறை எதையாவது "மாற்றியே தீர வேண்டும்" என்று உத்தரவு போடும்போது, தொழில்நுட்பத்தோடு அந்தப் பாட்டியையும் கணக்கில் சேருங்கள். அவர் கேட்பது 400 சேனல் இல்லை சார்... ஒரே ரிமோட், சாயந்திரம் ஒரு சீரியல், படிக்க முடிகிற எழுத்தில் ஒரு செய்தி. அவ்வளவுதான்.